சக்கரம் வரைந்த மக்களுக்கு, கடைமடையிலிருந்து

குமரி மாவட்டக் கல்லூரிகளின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவ மாணவியருக்கும், அவர்களை அழைத்து வரும் ஆசிரியர்களுக்கும்,

அன்பு மக்களே,

வெளியூரிலிருந்து வந்து இங்கே படிக்கும் பிள்ளைகளுக்காக முதலில் ஒரு விளக்கம். எங்கள் பக்கத்தில் பெற்ற பிள்ளைகளை ‘மக்களே’ என்றுதான் அழைப்போம். மேடையில் பேசுகிறவர்கள் அந்தச் சொல்லை எப்போதோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நான் வீட்டுப் பொருளில்தான் சொல்கிறேன்.

மாசி மாதம் ஏழு நாள் முகாமுக்காக எங்கள் ஊருக்கு ஐம்பது பேர் வந்திருந்தீர்கள். எந்தக் கல்லூரி என்று எழுதப்போவதில்லை. பள்ளிக்கூட முற்றத்தில் புல் செதுக்கினீர்கள். கண் பரிசோதனை முகாம் வைத்தீர்கள். என் வலது கண்ணில் புரை விழத் தொடங்கியிருப்பது அங்கேதான் தெரிந்தது, அதற்கு நன்றி. கடைசி இரண்டு நாள், பாசனச் சானல் கரையில் நிற்கும் படிப்பகத்தின் பின்சுவரில் படம் வரைந்தீர்கள். நடுவில் பதினேழு நிறத்தில் ஒரு சக்கரம், சுற்றிலும் பதினேழு கட்டங்கள், மேலே ‘நீடித்த நிலையான வளர்ச்சி இலக்குகள் 2030’ என்று கொட்டை எழுத்து. நீடித்தது என்று மட்டும் போட்டால் நிற்காது, நிலையானது என்று மட்டும் போட்டால் நீடிக்காது என்று மொழிபெயர்த்தவருக்குத் தோன்றியிருக்கும் போலும்.

நன்றாகத்தான் வரைந்திருந்தீர்கள். மீன் விற்க வரும் அக்கா பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டு 14ஆம் கட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அலைக்கு அடியில் ஒரு வெள்ளை மீன். “இது என்ன மீன் மக்களே?” என்று கேட்டார். ஏணியில் நின்ற மாணவி யோசித்துவிட்டு, “சும்மா மீன் அக்கா” என்றாள். “சாளையா? சாளைக்கு வயிறு இப்படி இருக்காதே” என்று சொல்லிக்கொண்டே பாத்திரத்தைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அந்த மாணவிக்கு நினைவிருக்கும். கோபப்படாமல் சிரித்தாள், நல்ல பிள்ளை.

நீங்கள் போன பிறகும் சக்கரம் என் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. எனக்கு அந்தப் படிப்பகத்துக்குப் பின்னால் நாற்பது சென்ட் வயல் இருக்கிறது, சானல் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடையில். தினமும் இரண்டு முறை அந்தச் சுவரைத் தாண்டித்தான் போக வேண்டும். பேரனிடம் சொல்லி இதைப் பற்றித் தமிழில் கிடைத்ததையெல்லாம் எடுத்துத் தரச் சொன்னேன். 2015 செப்டம்பரில் ஐக்கிய நாடுகள் சபையில் 193 நாடுகள் ஒப்புக்கொண்டவை; 17 இலக்குகள், அவற்றுக்குள் 169 குறிக்கோள்கள்; கெடு 2030. 2024இல் அந்தச் சபையே வெளியிட்ட அறிக்கைப்படி, அளந்து பார்க்க முடிந்த குறிக்கோள்களில் சரியான பாதையில் போய்க்கொண்டிருந்தவை 17 விழுக்காடுதான். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நின்ற இடத்தில் நிற்கின்றன அல்லது பின்னால் போயிருக்கின்றன.

இந்தக் கணக்கெல்லாம் படித்து மறந்துவிடக் கூடியது. ஒரு வரிதான் கண்ணாடியைக் கழற்றி வைக்கச் செய்தது. யாரையும் விட்டுவிட்டுப் போகமாட்டோம் என்று உறுதி சொன்ன கையோடு, எல்லோருக்கும் பின்னால் நிற்பவரை முதலில் சென்றடைய முயல்வோம் என்று அந்தத் தீர்மானத்தில் எழுதியிருக்கிறார்கள். நியூயார்க்கில் உட்கார்ந்து யார் எழுதினார்களோ, அவருக்குச் சானல் பாசனம் தெரிந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

ஏன் என்று சொல்கிறேன். பேச்சிப்பாறை அணை திருவிதாங்கூர் காலத்தில், 1906இல் கட்டி முடிந்தது. பெருஞ்சாணி அதற்குப் பிறகு வந்தது. அதற்கெல்லாம் பல நூற்றாண்டுகள் முன்பே பறளியாற்றுத் தண்ணீரைப் பழையாற்றுப் பக்கம் திருப்பிவிட்ட பாண்டியன் கால் இருந்தது. இவற்றை நம்பித்தான் நாஞ்சில்நாட்டில் கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு நெல் போகமும் விளைந்தன. வழக்கப்படி ஜூன் 1 அன்று அணை திறப்பார்கள், பிப்ரவரி கடைசியில் அடைப்பார்கள். திறந்த அன்று பூத்தூவிப் படம் எடுக்கிறார்கள். மறுநாள் பத்திரிகையில் இத்தனை ஆயிரம் ஏக்கர் பாசனம் பெறும் என்று வரும். அந்த ஏக்கர் கணக்கில் என் நாற்பது சென்டும் சேர்ந்திருக்கிறது. தண்ணீர் மட்டும் ஜூன் கடைசி வரை வந்து சேராது.

மேலிருந்து கீழே தண்ணீர் தானாகப் போய்விடும் என்று நினைப்பவர்கள் சானல் கரையில் நடந்து பார்க்காதவர்கள். தலைமடைக்காரன் மடையை அடைக்க மறப்பான். நடுவில் ஒருவன் வீட்டுக்குப் பாதை வேண்டும் என்று குழாயைப் போட்டு மண் நிரப்பியிருப்பான். பத்தடி அகலத்தில் வரும் தண்ணீர் ஒன்றரை அடிக் குழாய்க்குள் எப்படி நுழையும்? ஆகாயத்தாமரை ஒரு வளைவில் மெத்தை போல் படுத்திருக்கும். இதையெல்லாம் தாண்டிக் கடைமடைக்குத் தண்ணீர் வர வேண்டும் என்றால் முறை வைக்க வேண்டும்: இத்தனை நாள் கீழே உள்ளவனுக்கு, அதுவரை மேலே உள்ளவன் மடை அடைத்தே இருக்க வேண்டும். என் அப்பா காலத்தில் ராத்திரி டார்ச் லைட்டோடு நாலு பேர் கரையில் நடப்பார்கள், எவன் மடையைத் திறந்தான் என்று பார்க்க. சண்டை வரும், மண்டை உடையும். ஆனாலும் கீழே தண்ணீர் வரும். நாள் செல்லச் செல்ல நடப்பதற்கு ஆள் இல்லாமல் போயிற்று. எங்கள் வயற்பரப்பில் பாதி தென்னந்தோப்பாகவும் வீட்டு மனையாகவும் மாறிய கதை அங்கேதான் தொடங்குகிறது. நெல் கட்டுப்படியாகவில்லை என்பதும் உண்மைதான், அதை மறைக்கவில்லை.

இப்போது உங்கள் சுவருக்கு வருகிறேன். 6ஆம் கட்டம், தூய நீர், இளநீல நிறம். அதற்கு நேர் கீழேதான் எங்கள் கிளைக்காலின் மடை இருக்கிறது. நீங்கள் போன மறுவாரம் அந்த மடைவாயில் கையை விட்டு நான் எடுத்தவை: சாப்பாட்டுத் தட்டு முப்பத்தொன்று, சாம்பார் ஒட்டியபடி; தண்ணீர் பாட்டில் பதினாறு; இலக்குகளின் பெயர் அச்சடித்த ஒரு பிளெக்ஸ் பேனரின் பாதி. தட்டெல்லாம் பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டு. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டது அது. எங்கள் ஊர்க் கடையில்தான் உங்களுக்கு விற்றார்கள், ஆகவே பழி பாதி எங்களுக்கு. உங்களை வெட்கப்படுத்த எழுதவில்லை. எண்ணிப் பார்த்தேன், எண்ணியதை எழுதுகிறேன். எண்ணுவது முக்கியம் என்பதைப் பற்றித்தான் இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

மார்ச் 22, உலகத் தண்ணீர் தினம், கிராம சபை. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூட வேண்டும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கடைசித் தேதி உள்ளாட்சி தினம் என்பதற்காக வைத்தது. நம் மாவட்டத்துக்கு அது 1956இல் தாய்த் தமிழகத்தோடு சேர்ந்த நாளும்கூட. அந்த ஒரு நாளாவது குமரிக்காரன் முழு ஊரோடு வந்து உட்கார வேண்டும் என்று நான் வருடா வருடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன், யாரும் கேட்பதில்லை.

மார்ச் 22 அன்று எங்கள் ஊரில் வந்தவர்கள் நாற்பத்திரண்டு பேர். அதில் முப்பது பேர் நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள். சட்டப்படி ஊரின் மக்கள்தொகைக்குத் தக்க ஆள் எண்ணிக்கை இருந்தால்தான் கூட்டம் செல்லும். ஆகவே மாலையில் பதிவேடு வீடு வீடாக நடந்து போய்க் கையெழுத்து வாங்கிக்கொண்டது. என் வீட்டுக்கும் வந்தது. நான்தான் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேனே என்று சொன்னேன், பரவாயில்லை இன்னொன்று போடுங்கள் என்றார்கள்.

அந்தக் கூட்டத்தில் பதினெட்டிலிருந்து இருபத்திரண்டு வயதுக்குள் ஒருவர்கூட இல்லை. இது உங்களுக்குத் தெரியுமா, தெரியவில்லை: வாக்காளர் பட்டியலில் பெயர் ஏறிய நாளிலிருந்து உங்கள் ஊர்க் கிராம சபையில் நீங்கள் உறுப்பினர். யாரும் நியமிக்க வேண்டாம், யாரும் அழைக்க வேண்டாம். பெண்ணுக்கும் ஆணுக்கும், படித்தவருக்கும் படிக்காதவருக்கும் அங்கே ஒரே உரிமை. ஊராட்சியின் வரவு செலவைக் கேட்கலாம், தீர்மானம் கொண்டு வரலாம். மத்திய ஊராட்சி அமைச்சகம் அந்தப் பதினேழு இலக்குகளையும் ஒன்பது கருப்பொருளாகச் சுருக்கி, ஒவ்வொரு கிராம ஊராட்சியும் தன் ஆண்டு வளர்ச்சித் திட்டத்தை அவற்றை ஒட்டி எழுத வேண்டும் என்று வைத்திருக்கிறது. வறுமையற்ற ஊர், உடல்நலமுள்ள ஊர், குழந்தைகளுக்கு உகந்த ஊர், நீர் நிறைவு பெற்ற ஊர், பெண்களுக்கு உகந்த ஊர் என்று போகிறது அது. நீங்கள் சுவரில் எழுதியது எங்கள் ஊர்த் திட்டப் புத்தகத்திலும் இருக்கிறது. ‘நீர் நிறைவு’ என்ற தலைப்பின் கீழ் என்ன எழுதியிருக்கிறது என்று மார்ச் 22 அன்று கேட்டேன். படித்துக் காட்டினார்கள். எங்கள் கிளைக்கால் அதில் இல்லை. கேட்டவர் யாரும் இல்லை, அதனால் இல்லை. கேட்ட பிறகு தீர்மானத்தில் ஒரு வரி சேர்ந்தது. அதை எழுதியவரின் கையெழுத்து கோழி கிளறியது போல் இருந்தாலும், வரி வரிதான்.

உங்களில் பலர் பேரூராட்சிகளிலும் நகராட்சிகளிலும் நாகர்கோவில் மாநகராட்சியிலும் இருப்பவர்கள் என்பது தெரியும். 2011 கணக்கெடுப்பில் நம் மாவட்டத்தில் நூற்றுக்கு எண்பத்திரண்டு பேர் நகர்ப்புறக் கணக்கில் வருகிறார்கள். வாழைத்தோட்டத்துக்கு நடுவில் நின்றாலும் பேரூராட்சிதான். அங்கே கிராம சபை கிடையாது, வார்டுக்குள் பகுதி சபை இருக்கிறது. எப்போது கூடுகிறது என்று உங்கள் வார்டு உறுப்பினரிடம் கேளுங்கள். அவருக்கே கேட்டதும் நினைவு வரும்.

இனி, அடுத்த முகாமுக்கு என்ன செய்யலாம் என்று என் கருத்து. சுவர் வேண்டாம் என்று சொல்லவில்லை, ஒரு சுவர் போதும்.

அளந்து தாருங்கள். ஜல் ஜீவன் திட்டத்தில் குடிநீரைச் சோதிக்கும் பெட்டி ஊராட்சிகளுக்குக் கொடுத்து, ஊருக்கு ஐந்து பெண்களுக்குப் பயிற்சி தர வேண்டும் என்று இருக்கிறது. பல இடங்களில் பெட்டி அலமாரிக்குள் பத்திரமாக இருக்கிறது. வேதியியல் படிக்கும் பிள்ளைகள் அந்தப் பெண்களோடு சேர்ந்து இருபது கிணறு, இருபது குழாய் சோதித்து, முடிவை ஒரு தாளில் எழுதிக் கிராம சபையில் வாசித்தால் போதும். கடலோரத்து ஊர்களில் கிணற்றுத் தண்ணீர் எவ்வளவு உப்பாகிவிட்டது என்பது நாக்குக்குத் தெரிகிறது. நாக்கு சொன்னால் தீர்மானம் ஆகாது, எண் வேண்டும்.

பறவையை எண்ணுங்கள். சுசீந்திரம் தேரூர் குளங்களும் வேம்பனூர் குளமும் 2022இல் ராம்சார் பட்டியலில் ஏறின, உலகம் மதிக்கும் ஈரநிலங்கள் என்று. தேரூர் கவிமணி பிறந்த ஊர் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். அந்தக் குளத்தில் பெலிக்கனும் நாரையும் நிற்பதை பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே கல்லூரிக்குப் போகிறவர்கள் உங்களில் எத்தனையோ பேர். ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. விலங்கியல் துறையில் கேட்டு ஒருமுறை போய் நில்லுங்கள். காலை ஆறு மணிக்கு, சேற்று நாற்றத்தில், கொசுக் கடியோடு. நிலத்து உயிர்களுக்கான 15ஆம் கட்டம் அதற்குப் பிறகு வேறு மாதிரி தெரியும்.

14ஆம் கட்டத்தைப் பற்றி மீன்கார அக்காவிடமே கேளுங்கள். ஒரே மாவட்டத்தில் இரண்டு மீன்பிடித் தடைக்காலம் என்பது இந்த முனையில் வாழ்பவர்களுக்குத்தான் தெரியும். கிழக்குக் கடலுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கடலுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. மீன் முட்டையிடும் காலம் என்று விசைப்படகு கரையில் நிற்கும். அந்த வீடுகளில் அடுப்பு எப்படி எரிகிறது என்பது வறுமையைப் பேசும் 1ஆம் கட்டத்துக்கும் பசியைப் பேசும் 2ஆம் கட்டத்துக்கும் உரிய கேள்வி. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தபோது ஆழ்கடலில் இருந்தவர்களுக்குச் செய்தி போய்ச் சேராமல் எத்தனை பேர் திரும்பவில்லை என்பது தூத்தூர்ப் பக்கம் படிக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பருவநிலை பற்றிப் பேச அவர்களை மேடையேற்றுங்கள். எங்களைப் போன்ற உள்நாட்டுக்காரர்கள் கீழே உட்கார்ந்து கேட்கிறோம்.

தூய ஆற்றலைச் சொல்லும் 7ஆம் கட்டத்துக்கு அதிகம் உழைக்க வேண்டாம், ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினால் முப்பந்தலில் காற்றாடிகளாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

8ஆம் கட்டம், கண்ணியமான வேலை. என் தங்கையை விளவங்கோடு பக்கம் கட்டிக் கொடுத்தோம். அந்தப் பக்கத்தில் அண்டி ஆபீஸ் வேலைக்குப் போகாத பெண் குறைவு. முந்திரி ஆலையைத்தான் அங்கே அப்படிச் சொல்வார்கள். அவள் இப்போது ஆபீசுக்குப் போவதில்லை, வீட்டில் வைத்தே உடைத்துக் கொடுக்கிறாள், எடைக்குக் கூலி. அண்டித் தோட்டில் இருக்கும் எண்ணெய் தோலைப் பொசுக்கும். சாம்பலையோ தேங்காய் எண்ணெயையோ கையில் பூசிக்கொண்டுதான் உட்காருவார்கள், இருந்தும் அவள் விரல் நுனிகள் கறுத்து ரேகை தேய்ந்து கிடக்கின்றன. ரேஷன் கடையில் கைரேகை வைக்கச் சொன்னால் நாலு விரலும் மாற்றி மாற்றி வைப்பாள், இயந்திரம் ஏற்காது. போன வருடம் அவள் பக்கத்து வீட்டுப் பெண், கல்லூரியில் இரண்டாம் ஆண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை திண்ணையில் உட்கார்ந்து ஏழு பெண்களுக்கு இ-ஷ்ரமில் பதிவு செய்து கொடுத்தாள். பதினாறு முதல் ஐம்பத்தொன்பது வயது வரை உள்ள அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான பதிவு அது. கைரேகைக்குப் பதில் செல்போனுக்கு வரும் எண்ணை வைத்து முடித்தாளாம். அட்டை வந்ததால் கூலி கூடிவிடவில்லை. ஆனால் இப்படி ஒரு தொழிலாளி இந்த நாட்டில் இருக்கிறாள் என்று முதல்முறையாக ஓரிடத்தில் எழுதப்பட்டிருக்கிறது. அன்று மதியம் எல்லோருமாகச் சேர்ந்து அந்தப் பெண்ணுக்கு மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் கொடுத்து அனுப்பினார்கள். அவள் நாட்டு நலப்பணித் திட்டத்தில்கூட இல்லை.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. எழுத்தறிவில் 2011 கணக்குப்படி தமிழ்நாட்டிலேயே முதல் மாவட்டம் நாம், 91.75 விழுக்காடு. ஆயிரம் ஆண்களுக்கு 1,019 பெண்கள். இந்த இலக்குகளில் மாநிலங்கள் எங்கே நிற்கின்றன என்று நிதி ஆயோக் வெளியிட்ட 2023-24 பட்டியலில் தமிழ்நாடு நூற்றுக்கு 78 புள்ளி, முதலிடத்தில் நின்ற கேரளத்துக்கும் உத்தராகண்டுக்கும் ஒரு புள்ளிதான் கீழே. இவற்றைச் சொல்லிச் சொல்லி, இலக்குகள் எல்லாம் வேறு யாருக்கோ உரியவை, நமக்கு விழிப்புணர்வு ஊர்வலம் மட்டும் மிச்சம் என்ற எண்ணம் வந்துவிட்டது. சராசரி என்பது அணையின் நீர்மட்டம் போன்றது. பேச்சிப்பாறையில் நாற்பத்தைந்து அடி தண்ணீர் நிற்கிறது என்று வானொலியில் கேட்டுக்கொண்டே வெடித்த வயலில் நின்றிருக்கிறேன். உங்கள் அறிக்கையில் எத்தனை மாணவர்கள், எத்தனை மணி நேரம், எத்தனை புகைப்படம் என்று எழுதுகிறீர்கள். அதோடு முகாம் நடந்த ஊரின் அடுத்த கிராம சபையில் எத்தனை மாணவர்கள் வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார்கள் என்று ஒரு பத்தி சேர்க்க முடியுமா?

மே 1 கிராம சபை வருகிறது. எங்கள் கிளைக்காலைப் பற்றிய தீர்மானம் என்ன ஆயிற்று என்று அன்று கேட்பேன். உள்ளூர்ப் பிள்ளைகள் அவரவர் ஊர்க் கூட்டத்துக்குப் போங்கள், அதுதான் முறை. எங்கள் ஊருக்கு வர விரும்புகிறவர்கள் அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு வாருங்கள். சானலில் தண்ணீர் விடுவதற்கு முன் இனிக் கிடைக்கும் காலம் மே மாதம் மட்டும்தான். தலைமடையிலிருந்து எங்கள் மடை வரை மூன்று கிலோமீட்டர் நடப்போம். எங்கே குழாய், எங்கே மண், எங்கே ஆகாயத்தாமரை என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள். நில அளவு தெரிந்த பிள்ளை ஒருவர் இருந்தால் நல்லது, செல்போனில் இடத்தைக் குறிக்கத் தெரிந்தாலும் போதும். கையால் எடுக்க முடிந்ததை எடுப்போம், மற்றதை எழுதித் துறை அலுவலகத்தில் கொடுப்போம். மண்வெட்டி நாலு என்னிடம் இருக்கிறது, ஒன்றுக்குப் பிடி ஆடும்.

மதியம் கஞ்சியும் பயறும் காந்தாரி மிளகுத் துவையலும். தட்டு வாங்கி வர வேண்டாம், தோப்பில் வாழை இலை நிற்கிறது. ஏணியில் நின்ற அந்த மாணவி வருவதாக இருந்தால் கொஞ்சம் பெயின்ட் கொண்டு வரச் சொல்லுங்கள். மீன்கார அக்கா ஞாயிற்றுக்கிழமையும் வருவார். சாளை எப்படி இருக்கும் என்று பாத்திரத்திலிருந்து எடுத்தே காட்டுவார்.

இப்படிக்கு,
ஒரு கடைமடை விவசாயி,
அகஸ்தீஸ்வரம் வட்டம்.